காஷ்மீரத்து மலை ஏரிகள்

காஷ்மீரம் என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவது ஸ்ரீநகரத்து டால் ஏரியும் அதில் மிதக்கும் படகு வீடுகளுமே. சினிமாக்காரர்கள் செய்த உபகாரம் அது. ஆனால் அந்நகரத்துக்கு வடக்கே, 16,870 அடி உயரமுள்ள ஹரமுகச் சிகரத்தின் அடியிலும் அதற்குக் கிழக்கே உள்ள மலைகளிலும், படகும் கடையும் இல்லாத ஏரிகள் பல கிடக்கின்றன. விஷன்ஸர், கிஷன்ஸர், காட்ஸர், ஸத்ஸர், நந்த்கோல், கங்காபல் என்பன அவற்றின் பெயர்கள். ‘ஸர்’ என்பது ‘ஸரஸ்’ என்னும் வடசொல்லின் தேய்வு. விஷன்ஸர் விஷ்ணுவின் தடாகம், கிஷன்ஸர் கிருஷ்ணனுடையது. இவற்றைக் கால்நடையாகவே போய்த்தான் பார்க்க வேண்டும்.

2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் நாங்கள் நால்வர் புறப்பட்டோம். நால்வர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், குழந்தைகளின் தாயார், 15 வயதுப் பெண், 11 வயதுப் பையன். கோடை விடுமுறையில் போகக்கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். மே மாதத்தில் அந்தக் கணவாய்களைப் பனி மூடியிருக்கும். ஜூலை முதல் ஸெப்டம்பர் வரையில்தான் வழி திறந்திருக்கும். ஆகவே பள்ளி நடக்கும் காலத்திலேயே லீவு கேட்க நேர்ந்தது. அந்த மனுவின் சரித்திரம் தனி வியாசமாக எழுதத் தக்கது; நிற்க.

வழி ஸோனாமார்க்கில் தொடங்கி நாரநாக்கில் முடிகிறது. ஏறக்குறைய 45 மைல். ஸோனாமார்க் கடைத்தெருவே சுமார் 9,000 அடி உயரத்தில் இருக்கிறது. தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியோ 8,842 அடிதான். நம் மலைகள் முடிந்துவிடும் உயரத்தில் அவர்கள் டீக்கடை வைத்திருக்கிறார்கள்! அங்கே இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டோம். பின்னர், கூடாரமும் உணவுப் பொருள்களும் ஏற்றிய குதிரைகளுடனும் வேறு சில பிரயாணிகளுடனும் மலையேறினோம். பூர்ஜ மரக் காடு ஒன்று குறுக்கிட்டது. பழங்காலத்தில் வடக்கே சுவடி எழுதப் பயன்பட்டது இம்மரத்தின் பட்டைதான். சரித்திர பாடத்தில் கேட்ட பொருள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கவே, அதை உரித்துப் பார்க்க எங்கள் பெண்ணுக்குக் கை துடித்தது. தடுத்து அழைத்துச் செல்வது பெரும்பாடாயிற்று.

மறுநாள் 13,000 அடிக்கு மேற்பட்ட நிச்னைக் கணவாயைக் கடந்து, மாலையில் 12,000 அடி உயரத்திலுள்ள விஷன்ஸர் கரையில் கூடாரம் அடித்தோம். அன்றிரவு பையன் சாப்பாடு வேண்டாம் என்றான். தலை வலிக்கிறது என்றான். வீட்டிலானால் மறுநாள் பரீட்சை உண்டா என்று விசாரித்திருப்போம். அந்த உயரத்தில் அது விளையாட்டல்ல. காற்றின் அழுத்தம் அங்கே கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவே. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை உடம்பு தரும் முதல் எச்சரிக்கைகள். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே அபாயம் நேரும். சந்தேகமற்ற சிகிச்சை ஒன்றே: கீழே இறங்குவது. ஆனால் விஷன்ஸர் இரண்டு கணவாய்களுக்கு நடுவே கிடக்கிறது. எந்தப் பக்கமாக ஊர் திரும்புவதானாலும் முதலில் ஏறியாக வேண்டும்! இந்த வழியைப் புகழ்ந்து அச்சிடுகிறவர்கள் இச்சங்கதியைக் கொட்டை எழுத்தில் போட்டால் நலம்.

இரவு முழுவதும் அவன் தாயார் உறங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் புகட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தரம் எழுப்பிப் பெயரையும் வகுப்பையும் கேட்டோம். மூன்றாம் தரம் அவன் கோபித்துக்கொண்டது எங்களுக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது என்பதைப் பெற்றோர் அறிவர். விடிந்தபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது. உடன் வந்தவர்கள் அன்றே அடுத்த கணவாயை ஏறப் புறப்பட்டார்கள். நாங்கள் தயங்கி நிற்பதைக் கண்ட குதிரைக்காரக் கிழவர், “மாஸ்டர்ஜி, குட்டி ஒன்று நொண்டினால் எங்கள் மந்தை முழுவதும் நிற்கும். இன்றைக்கு நிற்போம்” என்றார். அவர் கோடைதோறும் ஆடு ஓட்டிக்கொண்டு இம்மலைக்கு வரும் குஜ்ஜர் இனத்தவர். ஒரு நாள் குதிரைக் கூலி அதிகமாயிற்று. மற்றவர்கள் போனார்கள், நாங்கள் தங்கினோம்.

அந்த நாளில்தான் ஏரியை உள்ளபடி பார்த்தோம். விடியற்காலையில் அது கரிய கண்ணாடி, வெயில் ஏறியதும் மயில் கழுத்து நிறம், மாலையில் ஈயம். எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன் இப்பள்ளத்தாக்குகளைப் பனியாறுகள் நிரப்பியிருந்தன. பனியாறு என்பது தன் பாரத்தால் மெல்ல நகரும் பனிக்கட்டி. நகரும்போது அடியிலுள்ள பாறையைச் சுரண்டிக் குழியாக்குகிறது. பெயர்த்த கற்களை முகப்பிலே வரம்பு போலக் குவிக்கிறது. பனி உருகிப் பின்வாங்கியபின் குழியில் நீர் தேங்கினால் ஏரி. பனியாறு அரைத்த கல் மாவு நீரில் மிதக்கும் ஏரிகளில் அதுவே வெயிலைச் சிதறடித்துப் பச்சையும் நீலமுமாகக் காட்டும். பையன் கம்பளிக்குள் சுருண்டபடி, “அப்பா, அப்படியானால் பனி உருக உருக ஏரி பெரிதாகுமா?” என்று கேட்டான். ஆகும் என்றோம். “நல்லதுதானே?” என்றான்.

அதற்கு விடை இரண்டு மாதத்துக்குள் வந்தது. அக்டோபர் 4-ந் தேதி அதிகாலையில் ஸிக்கிமிலுள்ள தெற்கு லோனாக் ஏரி உடைத்துக்கொண்டது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க வளர்ந்து வந்த ஏரி அது. அதன் கரை வெறும் கற்குவியல். அவ்வெள்ளம் சுங்தாங்கிலிருந்த தீஸ்தா அணையை அடித்துச் சென்றதோடு பல உயிர்களையும் கொண்டுபோயிற்று. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2024-ல் வெளியிட்ட கணக்கொன்று உண்டு. நம் ஹிமாலய நதிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984-க்குப் பின் குறிப்பிடத்தக்க அளவு விரிந்திருக்கின்றன. அவற்றில் 130 இந்திய எல்லைக்குள் இருப்பவை. பத்திரிகையைப் பையனிடம் கொடுத்தோம். வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தான்.

விஷன்ஸர் கதைக்குத் திரும்புவோம். மறுநாள் காலையில் அவன் இரண்டு ரொட்டி தின்று மூன்றாவது கேட்டான், புறப்பட்டோம். முதலில் கிஷன்ஸர். அதன் நீர்தான் வழிந்து விஷன்ஸருக்கு வருகிறது. அதற்குமேல் 13,700 அடி உயரமான காட்ஸர்க் கணவாய். பையனை முன்னே நடக்கவிட்டு, அவன் நின்றபோது நாங்களும் நின்றோம். உச்சியில் திரும்பிப் பார்த்தால் இரண்டு ஏரிகளும் ஒருங்கே தெரிகின்றன. எங்கள் பெண் படம் எடுக்கவில்லை. கேட்டதற்கு, “இருங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றாள். தற்காலத்தில் இது அதிசயமே.

‘காட்’ என்றால் காஷ்மீரியில் மீன். காட்ஸருக்கு யம்ஸர் என்றும் ஒரு பெயர் உண்டு. நீருக்குள் இருக்கும் ஜந்து கரைக்கு வருவதைப் பிடித்திழுக்கும் என்பது கதை. கிழவரும் தம் குதிரைகளை அங்கே மேயவிடவில்லை. நாங்களும் வாதிக்கவில்லை. ஸத்ஸரின் ஏழு ஏரிகளில் சில வற்றியிருந்தன.

கங்காபல் வேறு விதம். ஹரமுகத்தின் பனி நேரே தலைக்குமேல் தொங்க, இரண்டு மைல்போல நீண்டு கிடக்கிறது. காஷ்மீரப் பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் முன்னோர் அஸ்தியைக் கரைத்த தீர்த்தம் இது. இதன் நீர் நந்த்கோல் வழியாக ஸிந்து என்னும் சிற்றாற்றில் சேர்ந்து, ஸ்ரீநகரத்துக்குக் கீழே ஜீலம் நதியில் கலக்கிறது. விஷன்ஸர் நீர் வடக்கே இறங்கிக் கிருஷ்ணகங்கையாகி, எங்கெங்கோ சுற்றி, முஸபராபாத்தில் அதே ஜீலத்தை அடைகிறது. பையன் குச்சியால் மணலில் இரண்டு நதிகளையும் வரைந்தான். அவன் தாயார் அமாவாசைத் தர்ப்பண நாள் போல மௌனமாக ஒரு கை நீர் அள்ளி விட்டாள்.

கடைசி நாள் நாரநாக்குக்கு ஒரே இறக்கம். ஏறக்குறைய 4,500 அடி. பெரியவர்கள் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே முறையிட்டன. கீழே, லலிதாதித்ய மன்னன் காலத்தவை என்று சொல்லப்படும் கற்கோயில்கள் இடிந்து நிற்கின்றன. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பையன் அரைமணி முன்னதாகவே வந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் மூன்றாம் தரம் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.