டிராக்டர் பாட்டரி திடீரெனச் செயலிழப்பது ஏன்?

கோடை மழை பெய்தபின் உழவுக்கேற்ற ஈரம் மானாவாரி நிலத்தில் நிற்பது சில நாட்களே. அந்த நேரம் பார்த்து, சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசையோடு டிராக்டர் அடங்கிவிடுகிறது. நேற்று வரை நன்றாக இருந்த பாட்டரிக்கு இன்று என்ன வந்தது என்று உழவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் அது பல வாரங்களாகவே நலிந்து வந்திருக்கும்.

உடனே புதிய பாட்டரி வாங்கப் புறப்பட வேண்டாம். முதலில் முனைகளைப் பாருங்கள். வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலும், கவ்வி தளர்ந்திருந்தாலும், பாட்டரியில் உள்ள மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராது. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பவும். விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரியையோ முனைகளையோ சந்தேகிக்கலாம். ஒளி குறையவே இல்லையெனில் ஸ்டார்ட்டர் அல்லது அதன் சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிய பின்னும் பயனில்லையெனில் வோல்ட் மீட்டர் தேவை. 12 வோல்ட் பாட்டரியில் 6 அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். இரவு முழுவதும் ஓய்ந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக உள்ளது. 12க்குக் கீழ் இறங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவும். ஏற்றிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால் ஓர் அறை கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம். அதற்குச் செலவு செய்வது வீண். ஓய்வில் 12.6 காட்டி, ஸ்டார்ட் செய்கையில் 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், உள்ளிணைப்பு முறிந்தோ தகடுகள் நைந்தோ இருக்கும். உள்ளிணைப்பு முறிவதே உண்மையில் திடீர்ப் பழுது. பாட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை தளர்ந்து, வரப்பிலும் மேட்டிலும் குலுங்குவதால் இது நேரலாம்.

என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் சரிசெய்யாமல் புதிய பாட்டரி பொருத்துவதில் பொருளில்லை.

நம் பகுதி வெயிலில் பாட்டரி நீர் விரைவில் வற்றும். மூடி திறக்கும் வகையாக இருந்தால் கோடையில் வாரம் ஒருமுறை பார்த்து, தகடுகளுக்கு மேல் சுமார் 10 மி.மீ. நிற்குமாறு காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றவும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். வற்றுவது நீரே, ஆகவே அமிலம் சேர்க்கக்கூடாது.

அறுவடைக்குப்பின் மாதக்கணக்கில் நிற்கும் டிராக்டரில், சார்ஜ் இறங்கிய தகடுகள்மேல் ஈய சல்பேட் இறுகிப் படியும். பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலிமை திரும்பாது. எனவே எர்த் கேபிளைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றவும்.

கழற்றும்போது எர்த் கேபிளை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாளவும். முனைகளைச் சமையல் சோடா கரைத்த நீரால், அறைகளுக்குள் இறங்காதபடி கழுவித் துடைத்து, வாசலின் தடவவும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. அமிலம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவும். கண்ணில் பட்டால், நன்கு கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவும்.