வீட்டுக் கணினி ஆய்வுகூடமும் சலுகைச் சந்தாவும்

இரசாயனம் கற்கும் மாணவன் அமிலத்தையும் காரத்தையும் முதன்முதலாகக் கலந்து பார்ப்பது ஆய்வுகூடத்திலேயாகும். அங்கே ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் நட்டம் சிறிது. கற்ற பாடம் பெரிது. கணினித் தொழிலிற் புகுவோருக்கு இத்தகைய இடம் எளிதிற் கிடைப்பதில்லை. வங்கியின் கணக்குகளையோ வைத்தியசாலையின் நோயாளர் பதிவுகளையோ தாங்கி நிற்கும் கணினிகளைப் பராமரிப்பவர், அவற்றின்மீது பரிசோதனை நடத்த இயலாது. ஒரு கட்டளை பிழைத்தால் அலுவல் முழுவதும் நின்றுவிடும். ஆயினும், பழுது நேர்ந்த நாளில் அதனை விரைந்து சீர்செய்யும் திறமையை அவரிடம் எல்லோரும் எதிர்பார்க்கின்றனர். பழுதை முன்னர் ஒருபோதும் கண்டிராதவர் அத்திறமையை எங்ஙனம் பெறுவார்? இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியதே வீட்டுக் கணினி ஆய்வுகூடம்.

இதற்குப் பெரிய அறையோ பல இயந்திரங்களோ வேண்டியதில்லை. அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பழைய கணினியே போதும். ஒரு கணினியைப் பல கணினிகள்போல இயங்கச் செய்யும் மென்பொருள்கள் உள்ளன. அவை அக்கணினியின் நினைவகத்தையும் ஆற்றலையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனிக் கணினியாய்த் தொழிற்படுமாறு அமைக்கின்றன. அவ்வாறு அமைந்ததை மெய்நிகர் கணினி என்பர். இக்கருத்துப் புதியதன்று. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞான நிலையத்தினர், அமெரிக்காவில், ஒரு பெருங்கணினியை இவ்வாறு பங்கிட்டு இயக்கினர். 1999 இல் வி.எம்.வெயர் நிறுவனம், மேசைக் கணினியிலும் இதனைச் செய்யத்தக்க மென்பொருளை வெளியிட்டபோது, பெருநிறுவனங்களுக்கு உரியதாயிருந்த வசதி தனியாருக்கும் எட்டியது.

32 கிகாபைட் நினைவகமுள்ள கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு மெய்நிகர் கணினிகளை, ஒவ்வொன்றுக்கும் 4 கிகாபைட் வீதம், அமைக்கலாம். ஒன்று ஊழியரின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் காக்கும். மற்றொன்று கோப்புகளைச் சேமிக்கும். மூன்றாவது ஊழியர் ஒருவரின் மேசைக் கணினியாய் நிற்கும். நான்காவது ஏனையவற்றின் பிரதிகளைப் பாதுகாக்கும். ஓர் அலுவலகமே வீட்டு மேசையின்மீது உருவாகிவிடுகின்றது. இவற்றுள் ஒன்றின் அந்நேரத்து நிலையை முழுமையாகப் பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் அதனை வேண்டுமென்றே பழுதாக்கலாம். திருத்த முயன்று தோற்றால், சில நிமிடங்களிற் பழைய நிலைக்கு மீட்டுக்கொள்ளலாம். தண்டனையின்றித் தவறு செய்யும் வாய்ப்பே இவ்வாய்வுகூடத்தின் பெரும் பயன்.

கணினி மலிவாகக் கிடைத்தாலும் மென்பொருள் அவ்வாறு கிடைப்பதில்லை. நிறுவனங்களில் இயங்கும் மென்பொருள்களின் விலை நிறுவனங்களின் பணப்பையை நோக்கியே குறிக்கப்படுகின்றது. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் சேர்வர் 2012 இன் சாதாரணப் பதிப்பு 882 டொலர் விலைபெற்றது. ஒரு மாணவன் அதனை வாங்குவது எங்ஙனம்? தயாரிப்பாளர் இலவசப் பரீட்சார்த்தப் பதிப்புகளை வழங்குவது உண்மையே. விண்டோஸ் சேர்வரை 180 நாள்களுக்கு இவ்வாறு இயக்கிப் பார்க்கலாம். எனினும், பகலில் வேலை செய்து, இரவில் ஓரிரு மணிநேரம் கற்பவருக்கு அக்காலம் விரைவிற் கழிந்துவிடுகின்றது.

இவ்விடரை நீக்க எழுந்ததே சலுகைச் சந்தா. ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைச் செலுத்துபவர், ஒரு நிறுவனத்தின் பல மென்பொருள்களைக் கற்றலுக்காகப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகின்றார். மைக்ரோசொப்ட் நிறுவனம் நடத்திவந்த டெக்நெட் சந்தா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2010 அளவில் அதன் சாதாரணச் சந்தா 199 டொலர். இயக்கமுறைமைகள் முதலிய பல மென்பொருள்களுக்கும் அவற்றைச் செயற்படுத்தும் திறவுகோல் இலக்கங்கள் அதன்வழிக் கிடைத்தன. அவை குறித்த நாளில் நின்றுபோகும் பதிப்புகளுமல்ல. தொழில்நுட்பத் துறையினர் பலர் தம் முதற் பாடங்களை அச்சந்தாவின் துணையுடனேயே கற்றனர்.

ஆனால் அந்த உரிமைக்கு ஒரு வரம்பு இருந்தது. மென்பொருளைப் பரிசோதித்துப் பார்க்கலாமேயன்றி, அதனைக்கொண்டு வியாபாரம் நடத்தலாகாது. ஆய்வுகூடத்தில் அமைத்த கணினியில் ஒரு கடையின் கணக்கை எழுதத் தொடங்கினால், அக்கணமே உடன்படிக்கை மீறப்பட்டதாகும். இவ்வரம்பைப் பலர் பேணினர், சிலர் பேணவில்லை. மலிவாகப் பெற்ற திறவுகோல்களை வெளியாருக்கு விற்றவர்களும் உண்டு. 2010 இலும் 2012 இலும் ஒரு சந்தாதாரருக்கு வழங்கப்பட்ட திறவுகோல்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2013 யூலை மாதத்தில், சந்தா முறையையே நிறுத்துவதாக அறிவித்தல் வந்தது. இலவசப் பரீட்சார்த்தப் பதிப்புகளே இனிப் போதுமென்பது நிறுவனத்தின் கருத்தாயிருந்தது. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு முறையிட்டும் பயனில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 31 உடன் விற்பனை முடிவுற்றது.

வி.எம்.வெயர் பயனாளர் சங்கத்தின் சந்தாவும் இத்தகைய மாற்றத்துக்கு உள்ளாயிற்று. ஆண்டுக்கு 200 டொலர் அளவு செலுத்திய உறுப்பினர், அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த மென்பொருள்களை ஓராண்டுக்கு வீட்டில் இயக்கிக் கற்கலாம். 2023 நவம்பரில் புரோட்கொம் நிறுவனம் வி.எம்.வெயரை வாங்கியது. அடுத்த ஆண்டில், குறித்த தொழிற்றகைமைப் பரீட்சையிற் சித்தியடைந்த உறுப்பினருக்கே அவ்வுரிமை என்ற புதிய விதி அறிவிக்கப்பட்டது. பரீட்சைக்குப் பயில ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வுகூடத்துக்கான உரிமையைப் பெறவோ பரீட்சையிற் சித்தி வேண்டும். தொழிலிற் புதிதாய்ப் புகுவோரையே இவ்விதி பெரிதும் தாக்கியது.

எனினும், எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிடவில்லை. றெட் ஹட் நிறுவனம் தன் லினக்ஸ் மென்பொருளைத் தனியார் 16 கணினிகள்வரை கட்டணமின்றி இயக்கலாம் என 2021 இல் விதியைத் தளர்த்தியது. 2008 இல் முதன்முதலாக வெளிவந்த புரொக்ஸ்மொக்ஸ் என்னும் திறந்த மென்பொருள், மெய்நிகர் கணினிகளை அமைக்கும் பணியை இலவசமாகவே செய்கின்றது. அதற்கும் சந்தா உண்டு. ஆனால் அது நன்கு சோதிக்கப்பட்ட திருத்தங்களுக்கும் உதவிக்கும் உரிய கட்டணமேயன்றி, மென்பொருளை இயக்குவதற்கான கட்டணமன்று. சந்தா முடிந்தாலும் ஆய்வுகூடம் தொடர்ந்து இயங்கும்.

ஆகவே, சந்தா ஒன்றை வாங்க எண்ணுபவர் விலையை மட்டும் நோக்குதல் போதாது. அது எதற்கு உரிமை தருகின்றது, எதனைத் தடுக்கின்றது, காலம் முடிந்ததும் மென்பொருள் நின்றுவிடுமா என்பவற்றை உடன்படிக்கையில் வாசித்தறிதல் வேண்டும். இலவசமாய்க் கிடைக்கும் மென்பொருளில் அடிப்படையைக் கற்று, பரீட்சார்த்தப் பதிப்பிற் பழகிய பின்னர், எஞ்சிய தேவைக்குச் சந்தா செலுத்துதலே சிக்கனமான வழி. அமைத்த ஒவ்வொன்றையும் படிப்படியாகக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் அவசியம். குறிப்பு இருக்குமானால், உரிமை முடிந்த நாளில் ஆய்வுகூடத்தை மற்றொரு மென்பொருளில் மீண்டும் கட்டலாம். அவ்வாறு மீளக் கட்டுவதும் ஒரு பயிற்சியே. அழிந்ததை மீட்டெடுப்பதுதானே இத்தொழிலின் கடினமான பகுதி.

சலுகை என்பது கொடுப்பவர் கையில் இருப்பது. அவர் நினைத்த நாளில் அதனைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். அச்சலுகைக் காலத்திற் பெற்ற கைப்பழக்கமோ கற்றவருடையது. சந்தாவின் காலம் முடிவதற்குள் அதனைத் தேடிக்கொள்பவருக்குச் செலுத்திய பணம் வீணாவதில்லை.