ஒரு வருஷம் பொறு

நாளை யார் கண்டது? – 9

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் காலை ஏழரைக்கு மதுரை வண்டி ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. கிடைத்தாலும் டிரைவருக்குப் பின்னால், இன்ஜின் சூடு காலில் அடிக்கும் சீட்டாகத்தான் இருக்கும். போன மாதம் அந்த சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண். மடியில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம், காலடியில் டிபன் கூடை, கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. அந்த வயசில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திரும்ப எடுக்கிறவர்கள் அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள்தான்.

“எந்தப் பரீட்சைம்மா?” என்று கேட்டேன்.

“எது முதல்ல வருதோ அது சார். அறிவிப்பு எப்ப வரும்னு தெரியாது. வந்தா எத்தன போஸ்ட்டுன்னு தெரியாது. எழுதினா ரிசல்ட் எப்பன்னு தெரியாது. வீட்ல மட்டும் தினம் கேக்குறாங்க, என்னாச்சு என்னாச்சுன்னு.” கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டினார். பிறகு அவரே, “இப்படி எதுவுமே தெரியாம ஒண்ணக் குறி வச்சு உக்காந்து படிக்கிறது கிறுக்குத்தனமா சார்?” என்றார்.

நான் எதையோ சொல்லி மழுப்பினேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. நினைவில் நிற்கிற மாதிரி எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். சின்னாளபட்டி பிரிவு வந்ததும் அவர் இறங்கிப் போய்விட்டார். சற்றுத் தள்ளித்தான் காந்திகிராமம். அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த ஆள் அங்கே இருந்தார் என்று எனக்கு உறைத்தபோது வண்டி அம்பாத்துரையையும் தாண்டியிருந்தது.

டாக்டர் டி.எஸ். சௌந்தரம். 1904-ல் பிறந்தவர். அப்பா டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1912-லேயே மதுரையில் பஸ் விட்டவர். மதுரை பஸ்ஸில் உட்கார்ந்து அவர் மகளை நினைத்தது ஒருவகையில் பொருத்தம்தான். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். மாப்பிள்ளை சௌந்தரராஜன் ஒரு டாக்டர். மனைவி படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவர் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

1920-களில் ஒரு வைணவப் பிராமண வீட்டில் இளம் விதவைக்கு மிச்சமிருந்த வாழ்க்கை என்ன என்பதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. நம் பாட்டிகளின் வீடுகளில் இருட்டு அறை ஒன்று இருந்தது, அதில் ஒரு அத்தைப்பாட்டி இருந்தார், நாம் பார்த்திருக்கிறோம். சௌந்தரம் அந்த அறைக்குள் போகவில்லை. டெல்லி போனார். 1916-ல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் டாக்டராக வெளியே வந்தபோது அவருக்கு வயது 32.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டினால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். பணம் இருந்தது. டெல்லிக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் வசதியும், அனுப்பத் துணிந்த பெற்றோரும் இருந்தார்கள். அதே வருஷங்களில் திண்டுக்கல் சுருட்டுக் கொட்டகையில் புகையிலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு விதவைக்கு இப்படி ஒரு வழி திறந்திருக்காது. சாதித்தவர்கள் கதை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறார்கள். அதனால்தான் பாதிப் பேர் அந்தக் கதைகளைப் படித்துவிட்டுத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் எனக்குச் சௌந்தரத்தைப் பிடித்துப்போனது டெல்லிப் படிப்புக்காக இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்துக்காக.

டெல்லியில் சுசீலா நய்யார் தோழியாகிறார். அவர் வழியாகக் காந்தி அறிமுகமாகிறார். காந்தியின் ஆட்களில் ஒருவர் கேரளத்துக்காரர் ஜி. ராமச்சந்திரன். சாந்திநிகேதனில் படித்துவிட்டுக் காந்தியிடம் வந்தவர், சௌந்தரத்துக்குச் சமவயது. இருவருக்கும் மனசு ஒத்துப்போகிறது. பெண் விதவை, சாதி வேறு, பாஷை வேறு. வீட்டில் பலத்த எதிர்ப்பு. விஷயம் காந்தியிடம் போகிறது. காந்தி சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் இருவரும் தொடர்பே இல்லாமல் பிரிந்திருங்கள். அதற்குப் பிறகும் இதே மனசு இருந்தால் பார்க்கலாம் என்றார்.

முப்பத்தைந்து வயதை நெருங்கிய ஒரு டாக்டரிடம் இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. பெரியவர்கள் “பொறு” என்று சொல்லும்போது, காலம் போனால் இது தானாக அடங்கிவிடும் என்ற கணக்கும் அதில் பாதி ஒளிந்திருக்கும். நம் வீடுகளில் எத்தனை காதலை இப்படி “படிப்பு முடியட்டும்” என்று சொல்லியே கரைத்திருக்கிறார்கள்! இங்கே அது கரையவில்லை. ஒரு வருஷம் கழித்தும் இருவரும் அதே இடத்தில் நின்றார்கள். 1940 நவம்பர் 7 அன்று காந்தி, கஸ்தூர்பா ஆசியோடு கல்யாணம் நடந்தது.

அந்தத் தேதியைச் சற்றுப் பாருங்கள். 1939 செப்டம்பரில் உலக யுத்தம் தொடங்கிவிட்டது. 1940 அக்டோபர் 17 அன்று வினோபாவை முன்னிறுத்திக் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். அதற்கு மூன்று வாரம் கழித்து இந்தக் கல்யாணம். யார் எப்போது ஜெயிலுக்குப் போவார்கள், திரும்பும்போது யார் இருப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். காலம் சரியாகட்டும், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அதைவிட நல்ல சாக்கு அமைந்திருக்காது. குறித்த ஒரு வருஷம் முடிந்தது, நடத்திவிட்டார்கள். காத்திருக்கச் சொன்ன காலத்துக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. பஸ்ஸில் பார்த்த பெண்ணின் காத்திருப்புக்கு அந்த ஒன்று இல்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கஸ்தூர்பா 1944-ல் இறந்த பிறகு அவர் பெயரில் அமைந்த நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்துக்கு வந்தது. கிராமத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கவனிப்பது வேலை. 1947 அக்டோபர் 7 அன்று சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் காந்திகிராமம் பிறந்தது. அப்போது இது திண்டுக்கல் மாவட்டம் இல்லை, மதுரை ஜில்லா.

தொடங்கியபோது ஆஸ்பத்திரி என்று சொல்ல என்ன இருந்தது? சின்னாளபட்டியில் பிரசவம் பார்க்க இரண்டு கட்டில். அவ்வளவுதான். டெல்லியில் படித்த டாக்டர், பஸ் கம்பெனி முதலாளி மகள், வயது 43. இரண்டு கட்டில் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த நாலாவது மாதம், 1948 ஜனவரி 30. யாருடைய பெயரை நம்பிப் பலகை எழுதினார்களோ அவரைச் சுட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் சின்னாளபட்டியில் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இழவு வீடு மாதிரி ஊர் அடங்கியிருக்கும். ஆனால் பிரசவ வலி எந்தத் துக்கத்துக்காகவும் தள்ளிப்போகாது. இரண்டு கட்டிலில் ஒன்றிலாவது யாரோ ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண் படுத்திருந்திருப்பார். காந்திகிராமத்தின் இலக்கு “காந்தியின் கனவை நிறைவேற்றுவது” என்று மட்டும் இருந்திருந்தால் அது அன்றைக்கே ஆட்டம் கண்டிருக்கும். அதற்குள் அன்றாடம் செய்ய ஒரு வேலை இருந்தது. கட்டிலில் ஆள் இருந்தது.

பிறகு ஆதாரக் கல்வி, கதர், சித்த ஆயுர்வேத மருந்து தயாரிப்பு என்று கிளைவிட்டது. 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம், 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நடுவில் சௌந்தரம் அரசியலுக்கும் போனார். 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் என இருமுறை சட்டமன்றம். 1962-ல் திண்டுக்கல்லில் இருந்து நாடாளுமன்றம், மத்தியக் கல்வித் துணை அமைச்சர் பதவி. 1967-ல் தொகுதி தி.மு.க. பக்கம் சாய்ந்தது. பதவி வந்தது, போனது. 1984-ல் அவர் இறந்தபோது பெயர் நின்றது காந்திகிராமத்தில்தான். அந்த இரண்டு கட்டில் இன்று கஸ்தூர்பா ஆஸ்பத்திரி. திண்டுக்கல் சமவெளியில் பாதிப் பேர் “நான் காந்திகிராமத்துல பொறந்தவன்” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரைச் சொல்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பஸ்ஸில் அந்தப் பெண் கேட்டதற்கு வருகிறேன். இப்படிக் குறி வைப்பது, இலக்கு வைப்பது பற்றி எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டு ஆராய்ந்தார்கள். “உன்னால் முடிந்ததைச் செய்” என்று விட்டுவிடுவதைவிட, கடினமாகவும் குறிப்பாகவும் ஓர் இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. கம்பெனிகள் இந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு டார்கெட் டார்கெட் என்று ஆட்களைப் பிழிகின்றன. மறுபாதியும் உண்டு. செய்முறையே பிடிபடாத புது வேலையில் எண்ணிக்கையை இலக்காக வைத்தால் காரியம் கெடுகிறது. “இதைச் செய்யும் வழிகளைக் கண்டுபிடி” என்று கற்றலை இலக்காக வைத்தால் நன்றாக வருகிறது. திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் இதை ஆராய்ச்சி இல்லாமலே சொல்வார்கள். அரம் பிடித்துப் பழகிய ஆளிடம் நாளைக்கு இத்தனை பூட்டு என்று கேட்கலாம். நேற்றுச் சேர்ந்த பையனிடம் கேட்டால் லீவரைத் தேய்த்துக் குட்டிச்சுவராக்கி வைப்பான். நாளை என்ன என்று தெரியாத காலத்தில் நாம் எல்லோரும் நேற்றுச் சேர்ந்த பையன்கள்தான்.

2023-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது திண்டுக்கல் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள் 600-க்கு 600 வாங்கினார். நாடே பேசியது. அந்த வருஷத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே எழுதாதவர்கள். 2021-ல் கொரோனாவால் எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். வராமலே போன ஒரு பரீட்சைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் படித்திருந்தார்கள்.

அதே கொரோனா காலத்தில் நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கிய 2020 செப்டம்பரில் சின்னாளபட்டிக்குப் போயிருந்தேன். தெருவில் தறிச் சத்தம் இல்லாத சின்னாளபட்டி எனக்குப் புதுசு. ஒரே ஒரு வீட்டில் மட்டும் சத்தம் கேட்டது, அதுவும் விட்டுவிட்டு. எட்டிப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். நாடா இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடும், நிற்கும். கையால் நெய்ததைத் தடவிப் பார்ப்பார். மறுபடி ஓடும்.

“வாங்கண்ணே, உக்காருங்க” என்று திண்ணையைக் காட்டினார். மார்ச்சில் ஊரடங்கு போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஏழு சேலைக்கான பாவு தறியில் ஏறியிருக்கிறது. ஊடை நூலும் கைக்கு வந்துவிட்டது. வழக்கமான வேகத்தில் நெய்திருந்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்திருக்கும்.

“அப்பறம் ஏண்ணே இன்னும் தறியிலயே கெடக்கு?”

“முடிச்சுக் குடுத்தா வாங்க ஆளு யாரு? முதலாளி கடையே பூட்டிக் கெடக்கு. இத முடிச்சுட்டா அடுத்த பாவு எப்ப வரும்? கை சும்மா கெடந்தா மனசு கெட்டுப்போகுதுண்ணே. பாவ அப்படியே போட்டு வச்சா எலி கடிக்கும், நூலு தொவண்டுரும். அதான் ஒரு கணக்கு வச்சேன். நாளுக்கு ஒரு சாண். ஞாயித்துக்கெழம லீவு.”

சேலைக்குப் பன்னிரண்டு முழம், முழத்துக்கு இரண்டு சாண், ஏழு சேலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், செப்டம்பரையும் தாண்டும். அவர் அதை மார்ச்சிலேயே போட்டிருக்கிறார். சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி. வட்டிக்கு எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு நாடாவை எடுத்தார். அன்றைய சாணில் நாலு விரற்கடை பாக்கியிருந்தது.

அந்த மாசம் இருபதாம் தேதி வாக்கில் அவரே போன் செய்தார். முதலாளி புது நூல் அனுப்பிவிட்டாராம், உடனே ஏற்ற வேண்டுமாம்.

“பழைய பாவு முடிஞ்சிருச்சாண்ணே?”

“எங்க! இன்னும் ஏழு முழம் கெடக்கு. இப்ப ராத்திரியும் உக்காந்து ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்றார். பின்னால் தறி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மகன் ஓட்டுகிறான் போலிருக்கிறது.

(அடுத்த வாரம்: நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் காலை ஐந்து மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு ஒரு விலை)