திடலுக்கு எவ்வளவு தூரம்?

தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது கூடலூர். மலையைக் குடைந்த சுரங்க வழியே வரும் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி வயல்களுக்குப் பாய்கிறது. இருபோக நெல் விளையும் பூமி. கோடையில் அறுவடை முடிந்த வயலில் தாளை மிதித்துத் தேய்த்துவிட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தால் ஆடுகளம் சேறாகிவிடும். அதன்பின் ஆட்டம் எங்கே? பள்ளித் திடலுக்குப் போகிறவர் சிலர். வீட்டோடு இருந்துவிடுகிறவர் பலர். இதை அவரவர் ஆசை மட்டுமா தீர்மானிக்கிறது?

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உடனே நியூட்டன்தான் நினைவுக்கு வருகிறார். ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது அல்லவா? ஒரு நகரத்துக் கடைகள் சுற்று வட்டார மக்களை இழுப்பதும் ஏறத்தாழ இப்படித்தான் என்று 1931-இல் ரெய்லி என்ற அமெரிக்கர் எழுதினார். திடலுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் தூரத்தை மீட்டரில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம்.

திடல் 300 மீட்டரில் இருக்கிறது. நடுவே குமுளிச் சாலை போன்ற ஒரு சாலை என்று கொள்வோம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வேறு. சாலையின் அகலம் 7 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் சிறுமி அதைக் கடக்க ஏறத்தாழ 6 விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜீப் அந்த 6 விநாடியில் 100 மீட்டர் ஓடி வந்துவிடும்! சாலை வளைவில் 100 மீட்டர் கண்ணுக்குத் தெரியுமா? மகளைத் தனியே அனுப்ப மறுக்கும் தாய் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் விடை அவருக்குத் தெரியும்.

சான்பிரான்சிஸ்கோ நகரின் மூன்று தெருக்களை ஆப்பிள்யார்டு என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு, 1972-இல் முடிவுகளை வெளியிட்டார். நாளுக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தனர். 16,000 வண்டிகள் போகும் தெருவிலோ ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை, சராசரி 0.9 தான். கூட்டாளி இல்லாதவன் திடலுக்குப் போய் என்ன செய்வான்?

சாலையைக் கடந்து உள்ளே வந்துவிட்டாலும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. வியன்னா நகரில் 1990-களில் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். ஒன்பது வயதுக்குமேல் பூங்காவுக்கு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை சரிந்தது, சிறுவர்கள் குறையவில்லை. ஒரே பெரிய வெட்டவெளியில் இடத்துக்குப் போட்டி வந்தபோது சிறுமிகளே விலகிக்கொண்டார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களைத் திருத்தினார்கள். நடைபாதைகளும், கைப்பந்து, இறகுப்பந்து ஆடுகளங்களும் அமைத்து, வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். சிறுவர்களையும் யாரும் விரட்டவில்லை.

இது வியன்னாவின் கதை மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் நாளுக்கு 60 நிமிட உடலியக்கம்கூட இல்லாதவர்கள் 78 விழுக்காடு. மாணவியரில் 85 விழுக்காடு.

நம் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் இடம்பெற்றது. எத்தனை திடல்கள் என்று எண்ணுவது எளிது. யார் வருகிறார்கள் என்பதை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையுங்கள்: பத்து வயது வரையுள்ள சிறுவர், சிறுமியர், அதற்கு மேற்பட்ட சிறுவர், சிறுமியர். மூன்று நாள் மாலை 5 மணிக்கு உங்கள் ஊர்த் திடலில் நின்று எண்ணுங்கள். வந்தவர்களின் வீடு பெரிய சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மறுபக்கத்து வீடு ஒன்றிலிருந்து உங்கள் தங்கையோடு திடல்வரை நடந்து பாருங்கள். சாலையைக் கடக்க எத்தனை விநாடி காத்திருந்தீர்கள்? அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.