பன்னிரண்டாயிரத்துக்கு எந்த லென்ஸ்?

"மாமா, 12,000 ரூபாய் சேர்த்துட்டேன். 70-300 வாங்கிடட்டுமா?" என்று அக்கா மகன் போனில் கேட்டபோது நான் வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன வருஷத்து மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

அவனிடம் இருப்பது நிக்கான் டி5600. கூடவே பெட்டிக்குள் வந்த 18-55 கிட் லென்ஸ். அவன் அப்பா ஊர் செய்யாறு பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் விடிய விடிய முன்வரிசை மண்ணில் உட்கார்ந்திருப்பான். போன வருஷம் எடுத்த படங்கள் நானூறுக்கு மேல், தேறியவை எட்டு. "லென்ஸ் பத்தல மாமா, ஆளு கிட்டத்துல வரல" என்பது அவன் தீர்ப்பு.

லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது தங்களுடைய கெட்டுப்போன படங்களைத்தான். நல்ல படம் எதையும் சொல்லாது. ஒவ்வொரு படத்தோடும் கேமரா ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் எல்லாம் இருக்கும். துரியோதனன் வேஷக்காரர் திரைக்கு வெளியே வந்து சுழலும் ஒரு படத்தைத் திறந்தோம். 55 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/13 நொடி. பின்னால் இருந்த ஹார்மோனியக்காரரின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். முகவீணைக்காரரின் கன்னம் உப்பியிருப்பது தெரிகிறது. ஆடியவர் மட்டும் தண்ணீரில் கரைந்த குங்குமம் மாதிரி.

நோய் என்னவென்று அந்த ஒரு படமே சொல்லிவிட்டது. அசையாதவர்கள் துல்லியமாக இருக்கிறார்கள் என்றால் போகஸில் குறையில்லை, கையும் நடுங்கவில்லை. கிட் லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் அது எடுப்பவர் கையின் அசைவைத்தான் அடக்கும், ஆடுகிறவரின் காலைப் பிடித்து நிறுத்தாது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஆட்டத்தை உறையவைக்க ஷட்டர் வேகமாக மூட வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். எட்டிப் பிடிக்கும் ஜூம் அங்கே உதவாது.

ஐஎஸ்ஓவை ஏற்றலாமே என்றான். அந்தக் கேமராவின் உச்சமான 25600க்குப் போனாலும் ஷட்டர் 1/50தான் கிடைக்கும். சுழலும் ஆட்டத்துக்கு அது போதாது, முகத்தில் ரவையைக் கொட்டியது போலப் புள்ளி வேறு. ஃபிளாஷ் போட்டால் அரிதாரம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். இரண்டாவது தடவை மின்னும்போது ஊர்ப் பெரியவர்கள் எழுந்து வருவார்கள். மிச்சமிருக்கும் வழி லென்ஸின் துளைதான்.

லென்ஸின் முகப்பில் எழுதியிருக்கும் எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 55ஐ 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 மி.மீ.: ஒரு சட்டைப் பொத்தான். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அதே கணக்கு 28 மி.மீ. தருகிறது: பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு மயிரிழை பெரிது. சென்சாரில் விழும் வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே இரவு, அதே டியூப் லைட், அதே ஐஎஸ்ஓ 6400. துளையை எஃப் 2 அளவுக்குத் திறந்தால் 1/13 ஆக இருந்த ஷட்டர் 1/100 ஆகிவிடும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். மலிவான எல்இடிக்கு எதிரே 1/500 வைத்தால் படத்தில் கோடு கோடாக நிழல் விழும், 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கூத்துக்கு அந்த எண் இரண்டு வகையிலும் பொருந்தி வந்தது.

இனி அவன் ஆசைப்பட்ட 70-300க்கு வருவோம். நிக்கானின் மலிவு வகையில் அது 300 முனைக்குப் போகும்போது எஃப் 6.3. கிட் லென்ஸைவிடவும் குறைவான வெளிச்சம்தான் சென்சாரில் விழும். போதாததற்கு, தூரத்தை இழுக்கும் லென்ஸ் கை நடுக்கத்தையும் சேர்த்தே இழுக்கும். மோசமான லென்ஸ் என்று சொல்ல மாட்டேன். மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கல் போய்ப் பட்டப்பகலில் நாரை எடுப்பதானால் முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன். கூத்துக்கு அது காசைக் கிணற்றில் போடுவது.

ஆக, ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட ப்ரைம் லென்ஸ். குறைந்த பணத்தில் அகலத் துளை வேண்டுமென்றால் இதுதான் வழி. உள்ளே நகரும் கண்ணாடிகள் குறைவு, அதனால் விலையும் எடையும் குறைவு. 35ஆ, 50ஆ என்பதுதான் கேள்வி. இணையத்தில் இதற்காக அடித்துக்கொள்பவர்களை விட்டுவிட்டு அவனிடம் ஒரு செல்லோ டேப் கொடுத்தேன். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35இல் வைத்து டேப் ஒட்டி ஒரு வாரம். அப்புறம் 45க்கும் 55க்கும் நடுவில் ஒட்டி ஒரு வாரம். வீட்டில், தெருவில், டீக்கடையில் எடுத்துத் திரி என்றேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் அளந்தே பார்த்துவிட்டான். மூன்று மீட்டர் தள்ளி நின்று கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 35க்குள் இரண்டு மீட்டர் உயரம் அடங்குகிறது. கிரீடம் முதல் சலங்கை வரை வந்துவிடும். 50க்குள் அடங்குவது ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, முழங்காலோடு அறுந்துவிடும். தேறிய எட்டுப் படங்களில் ஆறு, 30க்கும் 40க்கும் இடையில் எடுத்தவை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம். இன்னொன்றும் இருக்கிறது. துளையை அகலத் திறந்தால் துல்லியமாக விழும் ஆழம் சுருங்கும். மூன்று மீட்டரில், எஃப் 1.8இல், 50 மி.மீ. லென்ஸ் தருவது ஒரு சாண் ஆழம். 35 தருவது ஒரு முழத்துக்குச் சற்று மேல். முன்னும் பின்னும் குதிக்கிற வேஷத்துக்கு முழம்தான் பாதுகாப்பு. முகம் மட்டும் வேண்டுமென்றால் 24 மெகாபிக்சல் படத்தில் பிறகு வெட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்தவர்களை மார்பளவில் எடுக்கிற ஆசை இருந்தால் 50தான் சரி. அவன் ஆசை அது இல்லை.

அவன் கடையைத் தேடத் தொடங்கியதும் ஒரு பழைய 50 மி.மீ. எஃப் 1.8 மிக மலிவாகக் கிடைப்பதாகச் செய்தி வந்தது. பெயரில் "டி" என்று முடிந்தது. வேண்டாம் என்று நான் உடனே தடுத்ததற்கு நாற்பது வருஷக் கதை ஒன்று உண்டு. நிக்கான் 1959இல் கொண்டுவந்த எஃப் மவுண்ட்டை (லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளையத்தை) ஆட்டோபோகஸ் வந்த பிறகும் கைவிடவில்லை. லென்ஸைத் திருப்பும் மோட்டாரை 1986இல் கேமரா உடலுக்குள் வைத்து, ஒரு சிறு திருகு வழியாக லென்ஸை ஓட்டியது. கேனான் 1987இல் பழைய மவுண்ட்டையே தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் மோட்டாரை வைத்தது. அன்று பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் கேனானைத் திட்டித் தீர்த்தார்கள். இன்று அவதி நிக்கான்காரர்களுக்கு. டி3000, டி5000 வரிசை உடல்களில் செலவைக் குறைக்க அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். அவற்றில் "டி" லென்ஸை மாட்டினால் மாட்டும், படமும் எடுக்கும், போகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஆடும் ஆளுக்கு, கையால்! பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎஃப்-பி என்றால் எதிர்த்திசையில் ஒரு கண்ணி: டி3200, டி5100 போன்ற பழைய உடல்களில் அது போகஸே ஆகாது.

கேனான்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பழைய 50 மி.மீ. இரண்டாம் பதிப்பைவிட 2015இல் வந்த எஸ்டிஎம் பதிப்பைத் தேடுங்கள். சத்தம் குறைவு, மவுண்ட் உலோகம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் பயப்பட வேண்டாம். 2018இல் நிக்கானும் கேனானும் புதிய மிரர்லெஸ் மவுண்ட்களுக்குத் தாவியதிலிருந்து, பழைய கேமராவை விட்டு நகர்கிறவர்கள் நல்ல லென்ஸ்களையும் விற்றுவிடுகிறார்கள். கையில் ஒரு டார்ச் இருந்தால் போதும். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து ஒளியடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நாலு தூசி கிடந்தால் விடுங்கள், படத்தில் தெரியாது. முன் கண்ணாடியில் மெல்லிய கீறலைக் காட்டி விலையைக் குறைக்கலாம். சிலந்தி நூல் மாதிரி, வேர் விட்ட மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் மூடியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அது பூஞ்சை. கண்ணாடி மேல் பூசிய பூச்சையே அரித்துவிடும்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். பல வருஷம் முன்பு ஒரு கடையில், டியூப் லைட்டுக்குக் கீழே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு லென்ஸ் வாங்கினேன். வீட்டில் வெயிலில் பிடித்தபோது ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வலை. திருப்பிக் கொண்டுபோனால், "நீங்க வச்சதுல வந்திருக்கும் சார்" என்றார்கள். வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிரித்துத் துடைக்கக் கொடுத்தேன். பூஞ்சை போனது, அது தின்ற தடம் போகவில்லை. எதிர்வெளிச்சத்தில் இன்றும் அந்த லென்ஸில் ஒரு புகை மூட்டம் உண்டு.

அக்கா மகனுக்குப் பழைய 35 மி.மீ. எஃப் 1.8ஜி, பில்லோடு, 8,500 ரூபாய்க்கு அமைந்தது. 200 கிராம் எடை. 2009இல் வந்த மாடல்தான், அதனால் என்ன? மீதிப் பணத்தில் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்க வைத்தேன். காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் அது அன்றாடம். ஜெல் மணி நீலத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். சமைக்காத வாணலியாக இருக்கட்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவுத் தூசிதான் மிஞ்சும். தோல் உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டுவது அதைவிட மோசம்.

கையில் பணம் குறைந்ததும் கிட் லென்ஸை விற்றுவிடலாமா என்றும் கேட்டான். விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரித்ததில் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. வைத்துக்கொள் என்றேன். இந்த வருஷக் கூத்துக்குப் புது லென்ஸோடு போனான். ராத்திரிப் படங்களில் நாற்பதுக்கு மேல் தேறின. சிலவற்றில் கிரீடத்து ஜிகினா துல்லியமாக விழுந்து கண் கொஞ்சம் மங்கியிருந்தது. போகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டதன் பலன். மூன்றாம் இரவிலிருந்து அதைத் தானே தேர்ந்து முகத்தில் வைக்கத் தொடங்கிவிட்டான். கடைசி நாள் படுகளம். காலை வெயிலில், திறந்த வெளியில், களிமண்ணால் செய்த துரியோதனன் தரையை அடைத்துக்கொண்டு படுத்திருக்க, சுற்றிலும் ஊரே நிற்கிறது. 35 மி.மீ.யில் தொடை வந்தால் தலை வரவில்லை, பின்னால் நகரவும் இடமில்லை. பையிலிருந்து பழைய கிட் லென்ஸை எடுத்து மாட்டி, 18இல் வைத்து, எஃப் 8இல் எடுத்தானாம்.