ஓடினால் மட்டும் போதுமா?

திண்டுக்கல்லில் பழைய வீட்டு பீரோவைக் குடைந்தால், தாத்தா கட்டிய ஃபேவர் லூபா வாட்ச் ஒன்று அகப்படலாம். 1737-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய அந்த கம்பெனி 1865-லேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை வந்ததோ 1961-ல்தான். அதுவரை உசத்தியான வாட்ச் என்றால் சுவிஸ் வாட்ச்தான்.

அதை மறுபடி கட்டவோ விற்கவோ நினைத்தால் இரண்டு கேள்விகள் எழும். ஓடுமா? உள்ளே இருப்பதெல்லாம் அதனுடையதுதானா?

சாவி கொடுத்ததும் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியும் விசை பல்சக்கரங்கள் வழியாக பேலன்ஸ் வீலை எட்டுகிறது. ஹேர் ஸ்பிரிங் இழுக்க இழுக்க அந்தச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும். பழைய வாட்ச் பலவற்றில் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. அதன் அச்சு முனையின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். வாட்ச் கீழே விழுந்தால் பெரும்பாலும் உடைவது அதுதான்.

வாட்ச் திடீரென முந்தி ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தால், அதன் முள் துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். காந்தம் நீக்கும் கருவியில் காட்டினால் நொடிகளில் சரியாகும். பாகம் மாற்ற வேண்டியதில்லை.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், பேலன்ஸ் வீலுக்கு அடியிலோ தகட்டின் ஓரத்திலோ பொறித்திருக்கும் மெஷின் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு மாங்காய்ப் பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பது திண்டுக்கல்காரர்களுக்குத் தெரிந்ததுதானே? எண் மாறினால் அச்சும் அப்படித்தான்.

இரண்டாவது கேள்விக்கு டயலே சாட்சி. புது பெயின்ட் அடித்த டயலில் எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் பிசகியிருக்கும். ஆறுக்குக் கீழே 'டி' எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சு பெரும்பாலும் டிரிடியம். அதன் வீரியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பது வயது வாட்ச் இருட்டில் பளிச்சென்று மின்னினால் பூச்சு புதிது. அதைவிடப் பழைய ரேடியம் பூச்சோ ஒளி இழந்தாலும் கதிர்வீச்சை இழக்காது; சுரண்டவே கூடாது. கேஸின் விளிம்புகள் மழுங்கியிருந்தால் யாரோ அழுத்தி பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே ரிப்பேருக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: கழுவி ஆயில் போட்டால் போதும், டயலிலும் கேஸிலும் கை வைக்க வேண்டாம், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். நாளைக்கு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.