குளிர்ப்பெட்டியின் கோளாறுகளும் பரிகாரங்களும்

அமெரிக்காவினின்று கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் எழுப்பப்பட்டது. அக்காலத்தில் தனவந்தர்களுக்கு மாத்திரம் கிட்டிய குளிர்ச்சி, இக்காலத்தில் கிராமத்துக் குடியானவர் வீட்டிலும் கிட்டுகிறது. ஆயினும் பல குடும்பங்களில் குளிர்ப்பெட்டி தவணையிலோ கடனிலோ வாங்கப்பட்ட பொருளேயாகும். அது சற்றுத் தடுமாறியவுடன் மெக்கானிக்கை அழைத்து, அவர் கேட்கும் தொகையைக் கொடுத்துவிடுதல் வழக்கமாயிருக்கிறது. ஆனால் கோளாறுகளிற் பல யந்திரத்தில் உண்டானவையல்ல. காற்று, கதவு, தூசி, மின்சாரம் ஆகிய நான்கினால் உண்டாகின்றவை. இவற்றை வீட்டாரே சோதித்தறியலாம்.

பெட்டி வேலை செய்யும் விதம்

குளிர்ப்பெட்டியானது குளிர்ச்சியை உண்டாக்கி உள்ளே நிரப்புவதில்லை. உள்ளிருக்கும் உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. கிணற்று நீரை மேலே இறைத்து ஊற்றும் ஏற்றத்தை இதற்கு ஒப்பிடலாம். இறைக்கும் ஆள் போன்றது கம்ப்ரெஸர். சால் போன்றது குழாய்களுக்குள் சுற்றிவரும் வாயு. அது உள்ளே உஷ்ணத்தை ஏற்று, பின்புறத்திலோ பக்கங்களிலோ உள்ள குழாய்களின் வழியாக வெளியே விட்டுவிட்டு, மறுபடியும் உள்ளே செல்லுகிறது. ஆகையால் வெளியே உஷ்ணம் போவதற்கு இடமில்லாவிடினும், உள்ளே உஷ்ணம் ஓயாமல் புகுந்துகொண்டிருந்தாலும், யந்திரம் எவ்வளவு ஓடியும் பயனில்லை.

குளிர்ச்சி போதாமை

முதலில் குளிர் அளவைத் திருப்பும் குமிழைப் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் குறைத்து வைத்ததைக் கோடையிலும் அப்படியே விட்டிருத்தல் சாதாரணம். அடுத்தபடியாகப் பெட்டி நிற்கும் இடத்தைக் கவனிக்கவேண்டும். அடுப்பின் அருகிலோ வெயில் படும் ஜன்னலோரத்திலோ வைத்தல் ஆகாது. பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஏறக்குறைய 4 அங்குல இடைவெளி இருத்தல் நலம். பின்புறக் குழாய்களில் ஒட்டடையும் தூசியும் படிந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய தூரிகையால் துடைக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை இவ்வாறு செய்தால் மின்கட்டணமும் குறையும்.

கதவின் ரப்பர்ப் பட்டையைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்க்கவேண்டும். இழுப்புக்கு இடங்கொடாமல் இறுகப் பற்றினால் பட்டை நன்றாயிருக்கிறது. தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் வெளிக்காற்று புகுகிறதென்று அறியலாம். சோப்பு நீரால் பட்டையைக் கழுவித் துடைத்தபின்னும் பிடிப்பு உண்டாகாவிடில், பட்டையை மாற்றுவது அவசியம்.

ஆறாத குழம்பையும் சோற்றையும் உள்ளே வைத்தல், இடைவெளியின்றிப் பாத்திரங்களை அடைத்தல், கதவை அடிக்கடி திறத்தல் ஆகியவையும் குளிர்ச்சியைக் குறைக்கும்.

பெட்டி ஓடாமை

கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவேண்டும். எரியாவிடில், அதே பிளக்கில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பார்த்தால் மின்சாரம் வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். விளக்கு எரிந்தும் யந்திரம் ஓடாமலிருப்பின், உள்ளே வேண்டிய குளிர்ச்சி அடைந்தமையால் தானாகவே நின்றிருக்கவும் கூடும். சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கலாம்.

சில நிமிஷங்களுக்கொருமுறை “டிக்” என்ற ஓசையுடன் முனகி நின்றுவிடுமாயின், மின்னழுத்தக் குறைவையோ, யந்திரத்தைத் துவக்கும் ரிலே பழுதுபட்டதையோ அது குறிக்கும். நமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அளவினது. மாலை வேளைகளில் அது மிகவும் தாழும் ஊர்களில் ஸ்டெபிலைஸர் வைத்தல் உசிதம். மின்சாரம் நின்று திரும்ப வந்தவுடன் பெட்டியை ஓட்டாமல் 5 நிமிஷம் கழித்து ஓட்டுதல் கம்ப்ரெஸருக்கு நன்று.

பனி படிதலும் நீர் தேங்குதலும்

ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் உறைவறையைச் சுற்றிப் பனி கால் அங்குலக் கனத்துக்கு வளர்ந்தால் அதனைக் கரைக்கவேண்டும். கனத்த பனி, கம்பளி போர்த்தியதைப் போல, உஷ்ணம் வெளியேறுவதைத் தடுக்கும். கத்தி, கரண்டி முதலியவற்றால் பனியைக் குத்துதல் பெருந்தவறு. உள்ளிருக்கும் மெல்லிய குழாய் துளைபட்டு வாயு முழுவதும் போய்விடும்.

பனி தானே கரையும் இரட்டைக் கதவுப் பெட்டிகளில், மேலறை குளிர்ந்து கீழறை மாத்திரம் வெதுவெதுப்பாயிருந்தால், காற்று செல்லும் வழியைப் பனி அடைத்திருக்கலாம். பொருள்களை அகற்றி, மின்சாரத்தை நிறுத்தி, கதவுகளை ஒரு முழுநாள் திறந்து வைத்தால் அது கரையும். சில தினங்களில் அதே நிலை திரும்புமாயின் மெக்கானிக்கின் உதவி தேவை.

காய்கறித் தட்டின் கீழ் நீர் தேங்கினால், உள்ளே பின்சுவரின் அடியிலுள்ள நீர்த்துவாரம் அடைபட்டிருக்கும். வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டு அதனைத் திறக்கலாம். அதிக ஓசை உண்டானால், நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். நீர் ஓடுவதுபோன்ற மெல்லிய ஓசையும், சில வகைகளில் பக்கச் சுவர்கள் சூடாயிருத்தலும் இயற்கையே.

“வாயு குறைந்துவிட்டது” என்னும் பேச்சு

ஏற்றத்தின் சால் இறைப்பதனால் தேய்ந்து மறைவதில்லை. அவ்வாறே பெட்டியின் வாயுவும் ஓடுவதனால் செலவாவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு உண்டென்பது நிச்சயம். கசிவைக் கண்டு அடைக்காமல் வாயுவை மாத்திரம் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். மறுபடியும் அதே செலவு வந்து சேரும். ஆகவே, கசிவு எங்கே இருந்தது, எவ்வாறு அடைக்கப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுத்தல் முறை. தற்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் என்னும் வாயு தீப்பற்றக்கூடியது. பழக்கமில்லாதவர் குழாயில் கைவைத்தல் கூடாது. பெட்டியைத் தொட்டால் மின்னதிர்ச்சி தோன்றுமாயின், அதனைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு எர்த் கம்பியைச் சோதிக்கச் செய்யவேண்டும்.

உணவும் மருந்தும்

உள்ளே 4 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாமல் குளிர்ச்சி இருத்தல் வேண்டும். ஒரு தம்ளர் நீரில் தெர்மாமீட்டரை இட்டு இரவு முழுதும் நடுத்தட்டில் வைத்திருந்து, காலையில் பார்த்தால் உண்மை அளவு தெரியும். மின்சாரம் நின்றபோது கதவைத் திறவாதிருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேற்பட்டால் பால், மாமிசம், சமைத்த உணவு முதலியவற்றை முகர்ந்து பார்த்து மாத்திரம் நல்லவை என்று தீர்மானிக்கலாகாது. தீங்கு செய்யும் கிருமிகள் மணத்தைக் கெடுக்காமலே பெருகக்கூடும்.

நீரிழிவு நோயுள்ளவர் வீட்டில் கவனம் இருமடங்கு வேண்டும். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். உறைவறையை ஒட்டி வைத்தால் அது உறைந்துபோகும். ஒருமுறை உறைந்த இன்சுலின், பின்னர் உருகித் தெளிவாகத் தோன்றினாலும், உபயோகிக்கத் தகாதது. பெட்டியின் கோளாறு இங்கே பணநஷ்டத்தோடு நில்லாமல் உயிரையும் தொடுகிறது.

ஆதலால் குமிழ், இடம், தூசி, கதவு, பிளக் ஆகிய ஐந்தையும் ஒருமுறை பார்த்தபின்பே மெக்கானிக்கை அழைக்கும் வழக்கத்தை ஒவ்வொரு குடும்பத்தாரும் கைக்கொள்ளுதல் வேண்டும். இதற்குக் கால் மணி நேரமும் ஒரு காகிதத் துண்டுமே செலவு. அவற்றால் மீதமாகும் பணம், பெட்டி வாங்கிய கடனின் ஒரு தவணைக்கு உதவுமாயின், அதுவே உண்மையான சிக்கனமாகும்.